வெந்நீர்த் தொட்டி போன பிறகு



உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே வெள்ளை நிறத்தில், ஒரு பெரிய புத்தகம் அளவுக்கு, ஒரு பெட்டி தொங்குகிறதா? அதுதான் ஹீட்டர். குழாயைத் திருகினால் சுடுதண்ணி வரும், மூடினால் நின்றுவிடும். அந்தப் பெட்டிக்குள் வெந்நீரைச் சேர்த்து வைக்க இடமே கிடையாது. நம் பாட்டி காலத்தில் அதன் வேலையைச் செய்தது ஓர் அண்டா, அல்லது ஒரு செப்புப் பாய்லர். நகரத்து வசதியான வீடுகளில் ஒரு சுடுநீர்த் தொட்டி. அதை எடுத்துவிட்டோம். இடம் மிச்சம், விறகு மிச்சம், நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தத் தொட்டி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பல வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு அந்த வேலைகள் எல்லாம் யார் தலையில் விழுந்தன? பினாங்கு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். கடைசியில் ஓர் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. ஆகவே பாதியில் மலரை மூடி வைத்துவிட வேண்டாம்.

வெந்நீருக்கு முன்னால் தண்ணீர் வேண்டும் அல்லவா? 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் வந்து இறங்கினார். ஜோர்ஜ்டவுன் வளர வளர, ஊருக்கும் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கும் நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது மலையிலிருந்து விழும் அருவி. நம்மவர்கள் அந்தப் பகுதிக்குத் தண்ணீர்மலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்துப் போகிறோமே, அதே தண்ணீர்மலைதான். அங்கிருந்து செங்கல்லால் கட்டிய கால்வாய் வழியாக ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அது போதாமல் ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளிலும் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். அந்த வண்டிகள் போன பாதைதான் இன்றைய பர்மா சாலை. சீனர்கள் ஹொக்கியன் பேச்சில் அதைத் "தண்ணீர் வண்டிச் சாலை" என்று பொருள்படும் பெயரால்தான் இன்றும் சொல்லுகிறார்கள். மலாய்க்காரர்களும் "தாரேக் ஆயர்", அதாவது தண்ணீர் இழுக்கும் சாலை என்றார்கள். ஒரு சாலையின் பெயருக்குள் எவ்வளவு வரலாறு ஒளிந்திருக்கிறது பாருங்கள். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு 1962-இல் வந்தது. 1973-இல் மாநிலத்துக்கென்று தனியாக நீர் வாரியம் அமைந்தது. இப்படிக் குழாய்த் தண்ணீர் வீடு வீடாக வந்து சேர்ந்ததை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

வெந்நீருக்கு வருவோம். "இந்த வெயில் ஊருல சுடுதண்ணி எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை பெற்ற தாயைக் கேளுங்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் ஆயாவைக் கேளுங்கள். அடைமழையில் நனைந்துகொண்டு வேலைக்காட்டிலிருந்து வீடு திரும்பியவரைக் கேளுங்கள். தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடுங்கி நிற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை. முதல் நாள் இரவே வெந்நீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, பொட்டு வைத்து அடுப்பில் ஏற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. நகரக் குளியலறையில் தொங்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கு யாரும் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்து லயங்களில் அந்தப் பாத்திரம் பெரும்பாலும் ஒரு தகரம்தான். மண்ணெண்ணெய்த் தகரத்தின் வாயை வெட்டி, ஒரு கம்பியைக் கைப்பிடியாகப் போட்டு, மூன்று கல்லின்மேல் ஏற்றிவிடுவார்கள். விறகுக்குப் பஞ்சமில்லை, பால் வற்றிப்போன ரப்பர் மரம் இருக்கவே இருக்கிறது. ஜோர்ஜ்டவுனில் விறகை விலை கொடுத்து வாங்க வேண்டும். அங்கே பாக்காவ் கட்டையும் பாக்காவ் கரியும் எரிந்தன. பாக்காவ் என்பது கடலோரச் சேற்றில் வளரும் மரம். பக்கத்துப் பேராக் மாநிலத்தின் மாத்தாங் காட்டில் இந்த மரங்களை முறைப்படி வெட்டி, திரும்ப நட்டு வளர்க்கும் திட்டம் 1902-இலேயே தொடங்கிவிட்டது. கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

கொஞ்சம் வசதியுள்ள வீட்டில் செப்புப் பாய்லர் இருந்தது. அதன் அமைப்பை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது நல்ல அறிவியல். வெளியே ஒரு பெரிய செப்புப் பானை. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழல். குழலுக்குள் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் சாம்பல் அடியில் விழும், புகை மேலே போகும், சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகும். நெருப்பு நடுவிலும் நீர் சுற்றிலும் இருப்பதால் சூடு வீணாவது குறைவு. சூடான தண்ணீர் லேசு. அது மேலே நிற்கும். பச்சைத் தண்ணீர் கனம். அது கீழே இறங்கும். மேலே உள்ள புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால், அது அடிக்குப் போய், மேலே உள்ள மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீரைத் தள்ளிவிடும். மின்சாரமும் இல்லை, பம்பும் இல்லை! நம் டோபி காட் சலவைத் தொழிலாளர்கள் வைத்த வெள்ளாவியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அடியில் கொதிக்கும் பானை, அதன்மேல் அடுக்கிய துணி. இரவெல்லாம் ஆவி ஏறி அழுக்கைக் கிளப்பும். சூட்டை ஓரிடத்தில் அடைத்து வைத்து மெல்ல மெல்ல வேலை வாங்குவது நம்மவர்களுக்குப் பழகிப்போன கலை.

இப்போது அந்த அண்டாவும் பாய்லரும் என்ன வேலை பார்த்தன என்று யோசியுங்கள். சிறிய நெருப்பு போதும். நேரம் எடுத்துக்கொண்டு சூட்டைச் சேர்த்து வைக்கும். உண்டியலில் தினம் ஐந்து காசு போடுவது மாதிரி. அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. அதை யாரும் கவனித்ததில்லை. நெருப்பையும் குளிக்கிறவரையும் அது பிரித்து வைத்தது. அடுப்பு கொல்லையில், குளியல் மறைப்புக்குள். வெந்நீர் வாளியில் ஏறிப் போகும்போது நெருப்பு கூடவே போகாது. வாளிக்குள் பச்சைத் தண்ணீரைக் கலந்து, கையை விட்டுப் பார்த்து, "போதும்" என்று சொன்ன பிறகுதான் உடம்பில் ஊற்றுவார்கள். இடத்தால் ஒரு பிரிவு, நேரத்தால் ஒரு பிரிவு. ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. கொதிக்கும் தகரத்தைத் தட்டிவிட்டு வெந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தத் தழும்போடு வாழ்கிற பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. ஆவி பறக்கும், தீ எரியும். "கிட்டப் போகாதே" என்று அம்மா கத்துவாள்.

தொட்டி இல்லாமல் வெந்நீர் வேண்டும் என்ற ஆசை புதியது அல்ல. 1868-ஆம் ஆண்டில் லண்டனில் பெஞ்சமின் மோன் என்ற வண்ணக்காரர், ஓடும் தண்ணீரை அப்படியே எரிவாயுத் தீயால் சூடாக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். ஐஸ்லாந்துத் தீவில் பூமியிலிருந்து பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயரையே அதற்கு வைத்தார்: கீசர். தமிழ்நாட்டில் இன்றும் அந்தப் பெயர்தான் வழக்கில் இருக்கிறது. ஆனால் மோனின் கருவியில் புகை வெளியேற வழி வைக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவர் இருக்கும் இடத்திலேயே தீயும் எரிந்தது, அதன் புகையும் சேர்ந்தது. அடுத்து 1889-இல், அமெரிக்காவில் குடியேறிய எட்வின் ரூட் என்ற நார்வேக்காரப் பொறியாளர் தானாக இயங்கும் தொட்டி ஹீட்டரை அமைத்தார். பார்த்தீர்களா? தொட்டியை எடுத்தார்கள், ஆபத்து வந்தது. மறுபடியும் தொட்டியைக் கொண்டுவந்தார்கள். மேல்நாட்டுச் சரித்திரமும் இந்த ஊசலாட்டம்தான்.

பினாங்கில் குழாய் வெந்நீர் முதலில் யாருக்கு வந்தது? வேறு யாருக்கு, பணம் உள்ளவர்களுக்குத்தான். சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் 1880-களில் கடற்கரையோரம் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஓட்டலில், 1920-களில் அறைக்கு அறை வெந்நீரும் தண்ணீரும் ஓடும் என்பது பெரிய விளம்பரம். அறைக்குள் குழாயைத் திருகிய துரைக்கு அந்தச் சூட்டின் மூலம் எங்கே என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விருந்தாளி எத்தனை பேர் ஒரே நேரத்தில் குளித்தாலும் ஈடுகொடுக்க வேண்டுமானால் பெரிதாகக் காய்ச்சிச் சேர்த்து வைத்தாக வேண்டும். பெரிய ஓட்டல்கள் இன்றைக்கும் தொட்டியை விடாமல் வைத்திருப்பது இதனால்தான். நம் மாமாக் கடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேத்தண்ணிக் கடையில் எந்த நேரமும் கொதிக்கும் நீர் வேண்டும். அங்கே பாய்லரை அசைக்க முடியாது.

மின்சாரம் ஜோர்ஜ்டவுனுக்கு இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. 1906-இல் இந்த ஊர்த் தெருவில் மின்சார டிராம் ஓடியது. நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தது நகராட்சியே. ஆனால் தோட்டத்துக்கு? செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களிலும் பிறகு ரப்பர் தோட்டங்களிலும் நம் முன்னோர் விளக்குத் திரியைத்தான் நம்பினார்கள். பின்னாளில் பல தோட்டங்கள் சொந்தமாக டீசல் மோட்டார் வைத்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் கரண்ட் கொடுத்தன. விளக்குக்கும் ரேடியோவுக்கும் அது போதும். வெந்நீர் காய்ச்ச அல்ல. 1949-இல் மத்திய மின்சார வாரியம் ஏற்பட்டது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. வாரியத்தின் கம்பிகள் மெல்ல மெல்லத் தோட்டங்களையும் எட்டின.

பட்டணத்தில் அண்டாவை விரட்டியது மின்சாரம் மட்டும் அல்ல, வீடே மாறிவிட்டது. பழைய கடைவீடுகளுக்குப் பின்கட்டு உண்டு, திறந்த வானம் உண்டு. விறகை அடுக்கலாம், புகை போகும். 1969 வாக்கில் ஆயர் ஈத்தாம் போகும் வழியில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் எழுந்தன. பதினைந்தாவது மாடியில் மூன்று கல் வைத்து விறகு எரிக்க முடியுமா? பின்னர் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடங்கும்போது அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் நகர நடுவில் இருந்த குடும்பங்கள் பல, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு அடுக்குமாடிகளுக்குப் போயின. போகும்போது அண்டாவை என்ன செய்வது? செம்புக்கு எடை போட்டுக் காசு கொடுப்பவர்கள் இருந்தார்கள். பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த பாத்திரம் பழைய சாமானோடு போய்ச் சேர்ந்தது. அதன் இடத்தில் வெள்ளைப் பெட்டி ஏறியது.

இனி கணக்குப் பாடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சுமார் 28 பாகை என்று வையுங்கள். உடம்புக்கு இதமாகக் குளிக்க 38 பாகை. வித்தியாசம் 10 பாகைதான். முதலில் தொட்டியைப் பார்ப்போம். 30 லிட்டர் பிடிக்கும் தொட்டியை 1.5 கிலோவாட் கம்பிச் சுருளால் 60 பாகை வரை சூடாக்க 960 கிலோ கலோரி. முக்கால் மணி நேரம் ஆகும். அந்த 30 லிட்டரில் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் 96 லிட்டர் குளிநீர் கிடைக்கும். 16 லிட்டர் வாளியில் ஆறு வாளி. ஒரு குடும்பமே குளிக்கலாம். அதற்குக் கம்பியில் ஓடும் மின்சாரம் 6 அல்லது 7 ஆம்பியர்தான். இப்போது தொட்டியை எடுத்துவிடுங்கள். குழாயில் ஓடும்போதே 10 பாகை ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வேண்டுமானால் 3.6 கிலோவாட் தேவை. கம்பியில் 15 ஆம்பியர் ஓடும்.

உண்டியலை உடைத்துவிட்டோம், ஆகவே மொத்தப் பணத்தையும் அந்த நிமிடமே கையில் எடுத்து வைக்க வேண்டும். தொட்டி பார்த்துவந்த முதல் வேலை இப்போது கம்பியின் தலையில் விழுந்துவிட்டது. மொத்த மின்சாரச் செலவு கூடிவிடாது, சொல்லப்போனால் குறையலாம். சும்மா கிடக்கும் தொட்டியிலிருந்து சூடு கசிவது மிச்சம். ஆனால் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சுமையைக் கம்பி ஒரே மூச்சில் தூக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் நம் உறவினர்கள் இதையே வேறு விதமாகச் சொல்லுவார்கள். அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 8 பாகைக்கும் கீழே போகும். 30 பாகை ஏற்ற வேண்டும். நம்முடைய 3.6 கிலோவாட் பெட்டி அங்கே நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்கூடக் கொடுக்காது. அங்கே வீட்டையே சூடாக்கும் எரிவாயுப் பாய்லரும், அலமாரிக்குள் ஒரு செப்பு வெந்நீர்த் தொட்டியும், பரணில் ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டியும் இருப்பது பழைய வழக்கம். தொட்டிகளை எடுத்துவிட்டு, 24 கிலோவாட், 30 கிலோவாட் பலமுள்ள ஒரே பாய்லரை வைத்து, அதிலேயே வீட்டுச் சூட்டையும் குளிநீரையும் எடுக்கும் ஏற்பாடு பிறகு பரவியது. ஆனால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் வேலை முடிந்தது என்று எந்த நல்ல குழாய்க்காரரும் சொல்ல மாட்டார். எரிவாயுக் குழாய் போதுமான அகலம் உண்டா? தெருக் குழாயின் அழுத்தம் தாங்குமா? பழைய வளையங்களில் புது அழுத்தத்தில் எங்கே ஒழுகும்? தொட்டிக்கு ஓடிய குழாய்த் துண்டுகளை வெறுமனே மூடி விட்டுவிட்டால் அதற்குள் தண்ணீர் தேங்கிக் கெட்டுப்போகாதா? தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளரும் ஒரு கிருமி, 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பலரைக் கொன்ற பிறகுதான் அடையாளம் காணப்பட்டது. ஆகவே தேவையில்லாத குழாயை மூலம் வரைக்கும் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

நம் ஊரிலும் அதே கேள்விகள்தான். அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்குள் ஒரு சிறு காவல் இருக்கிறது. தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் அது மின்சாரத்தை உள்ளே விடும். இல்லாவிட்டால் வெறும் சுருள் எரிந்துபோகும். கூரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து குளியலறைக்கு இரண்டு மீட்டர் இறக்கம்தான் என்றால், அழுத்தம் மிகக் குறைவு. "புது ஹீட்டரு, சூடே வரல" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறோம். குற்றம் ஹீட்டரில் இல்லை. பம்ப் வைத்த ஹீட்டர் வாங்க வேண்டும், அல்லது நேர்க்குழாயில் இணைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அண்டாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வாளியால் ஊற்றினாலும் நிறையும். இது காசோடு போகிற பிரச்சினை. ஆகவே இதோடு விடுகிறேன்.

காசோடு போகாத பிரச்சினை கம்பி. 15 ஆம்பியர் என்று சொன்னேன் அல்லவா? நாம் வீட்டில் பயன்படுத்தும் மூன்று கால் பிளக் 13 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆகவே இந்த ஹீட்டரைப் பிளக்கில் சொருகவே கூடாது. மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்று தனியாகத் தடித்த கம்பி வர வேண்டும். 20 ஆம்பியர் சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். நான் பார்த்த பழைய லயங்களில் இரண்டு மூன்று விளக்கு, ஒரு பிளக் என்ற கணக்கில்தான் கம்பி இழுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. அந்தக் கம்பியில் கொண்டுபோய் இந்தப் பெட்டியை மாட்டுகிறோம். ஒரு தோட்டத்து வீட்டில் ஹீட்டர் பிளக் தேத்தண்ணி நிறத்தில் கருகி, சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா, "அது ஆறு மாசமா அப்படித்தான் சார் இருக்கு" என்றார்.

கருகுவது ஒரு பாதி. மறுபாதி இன்னும் மோசம். அண்டா நெருப்பையும் குளிக்கிறவரையும் பிரித்து வைத்தது என்றேன். ஹீட்டரில் அந்தப் பிரிவு போய்விட்டது. தண்ணீரும் மின்சாரமும் உள்ளங்கை அளவு இடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. அந்த நேரத்தில் அடியில் ஈர உடம்போடு, ஈரத் தரையில், வெறுங்காலோடு நம் பிள்ளை நிற்கிறான். சுருளின் உறை வெடித்துவிட்டால் மின்சாரம் தண்ணீர் வழியாக இறங்கும். ஆவியும் இல்லை, தீயும் இல்லை, "கிட்டப் போகாதே" என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. இப்படிக் குளியலறையில் இறந்தவர்களைப் பற்றி நம் நாட்டுப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம்.

"பியூஸ் இருக்கே சார்" என்பார்கள். பியூஸ் பார்ப்பது சுமை அதிகமா என்பதை மட்டும்தான். மனித உடம்பு வழியாக ஒரு ஆம்பியரில் முப்பதில் ஒரு பங்கு ஓடினாலே உயிர் போகலாம். பதினைந்து ஆம்பியரைச் சாதாரணமாக விடுகிற பியூஸ் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது. இதற்குத் தனிக் காவல் வேண்டும். கசிவு காப்பான் என்று சொல்லலாம், வயர்மேன் இ.எல்.சி.பி. என்பார், இப்போது ஆர்.சி.டி. என்றும் சொல்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? தோட்டத்தில் காலையில் பிரட்டுக்களத்தில் கங்காணி தலை எண்ணுகிறார். மாலையில் திரும்பும்போது மறுபடியும் எண்ணுகிறார். போனவர் நாற்பது, வந்தவர் முப்பத்தொன்பது என்றால் உடனே தேடல். இந்தக் கருவியும் போகிற மின்சாரத்தையும் திரும்பி வருகிற மின்சாரத்தையும் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும், "வழியில் யாரோ உடம்பு வழியாகப் போகிறது" என்று கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும். வீட்டுக்குப் பொதுவாக இருப்பது 30 மில்லி ஆம்பியரில் வெட்டும், அல்லது 100-இல். ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரில் வெட்டும் கருவி வேண்டும் என்பது நம் நாட்டு 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதி. ஹீட்டருக்குள்ளேயே ஒன்று வைத்து விற்கிறார்கள், அது நல்லது. ஆனால் மெயின் பெட்டியில் ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூடவே எர்த் கம்பி உண்மையாகவே தரைக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். பச்சையும் மஞ்சளுமாக ஒரு கம்பி பெட்டிக்குள் தெரிந்தால் மட்டும் போதாது. மறுமுனை எங்கேயும் கட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் மின்சக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். மச்சான் கெட்டிக்காரராக இருக்கலாம். இதற்கு அவர் வேண்டாம்.

இந்தக் கருவியில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். "டக்" என்று விழுந்தால் கங்காணி விழித்திருக்கிறார். விழாவிட்டால் அன்றைக்கு ஹீட்டர் வேண்டாம். அடுப்பில் தண்ணீர் வையுங்கள்.

இங்கே தோட்டத்து வீட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஹீட்டர் நம்முடையது, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. சுவரும் கம்பியும் தோட்டத்துடையவை. "வீட்டுக்குள்ள ஆணி அடிக்கவே கேக்கணும்" என்கிற இடத்தில் மெயின் பெட்டியை யார் மாற்றுவது? ஒரு தோட்டத்தில் ஓர் அப்பா ஆபீசுக்குப் போய்க் கேட்டார். "ஹீட்டர் வாங்கச் சொன்னது நாங்களா?" என்று பதில் வந்தது. அவரும் பேசாமல் திரும்பி வந்து, பழைய பிளக்கிலேயே மாட்டிவிட்டார். தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 1990-இல் வந்தது. முதலாளி கொடுக்கும் வீட்டில் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சார வசதியும் இருக்க வேண்டும் என்கிறது அது. போதிய வசதி என்பதற்கு எது அளவு? இரண்டு விளக்கு எரிந்த காலத்து அளவா, இன்றைய அளவா? என் கருத்தில், கேட்டு வாங்க வேண்டிய நியாயம் நம் பக்கம் இருக்கிறது. வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். எழுதிக் கேட்க வேண்டும்.

ஆகவே ஆறாம் வகுப்புக்கு அலுவல் கடிதப் பயிற்சியாக இதையே கொடுத்தேன். பெறுநர்: தோட்ட நிர்வாகி. பொருள்: குளியலறை மின்கம்பி குறித்து. பிள்ளைகள் எழுதிய கேள்விகளில் நல்லவற்றைப் பொறுக்கி இங்கே தருகிறேன். எங்கள் வீட்டுக்குக் கம்பி இழுத்தது எந்த ஆண்டு? மெயின் பெட்டியில் கசிவு காப்பான் இருக்கிறதா, அது எத்தனை மில்லி ஆம்பியரில் வெட்டும்? எர்த் கம்பியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? சுடுநீர்க் கருவிக்குத் தனிக் கம்பி இழுக்க அனுமதி தருவீர்களா, செலவு யாருடையது? பெற்றோர்கள் இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். மலாய் மொழியில் எழுத உதவி வேண்டுமானால் பள்ளிக்கு வாருங்கள், செய்து தருகிறோம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீசு முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட மறந்துவிட வேண்டாம்.